விலை கூடிய போன், ரிவி தவிர, சாதாரண வீட்டு வாழ்க்கையை உண்மையாகவே மாற்றிய புதிய கண்டுபிடிப்பு என்று எதைச் சொல்வீர்கள்?

குளுக்கோமீற்றர். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று காட்டும் அந்தச் சின்ன மெசின். எங்கள் பக்கத்தில் சுகர் மெசின் என்றால்தான் எல்லாருக்கும் விளங்கும்.

இதைப் போய்ப் புதிய கண்டுபிடிப்பு என்கிறாளே என்று சிலர் நினைப்பீர்கள். கேள்வி சாதாரண வீட்டைப் பற்றியது. ஒரு பொருள் ஆய்வுகூடத்தில் பிறந்த வருடம் வேறு, அது யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு வீட்டு அலுமாரிக்குள் வந்து சேர்ந்த வருடம் வேறு. எங்களுக்கு இது புதியதுதான். உங்கள் வீட்டிலும் வயதான அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள், வெளிநாட்டுச் சொந்தம் யாரோ "என்ன வாங்கி அனுப்ப?" என்று கேட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டே எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. எந்தக் கம்பனியின் ஆளும் இல்லை, அதனால் மெசினின் பெயரைக் கேட்காதீர்கள்.

என் அம்மப்பாவுக்கும் சீனி வருத்தம் இருந்தது. அவர் காலத்தில் வீட்டில் இருந்த ஒரே பரிசோதனை பெனடிக்ற் கரைசல். நீல நிறத் திரவத்தில் சில துளி சிறுநீரை விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் சீனி கனக்க இறங்குகிறது என்று அர்த்தம். அது அந்தக் காலத்துக்குப் பெரிய உதவி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிறுநீரில் சீனி இறங்குவது இரத்தத்தில் ஏறக்குறைய 180 அளவைத் (ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) தாண்டிய பிறகுதான். அதற்குக் கீழே எல்லாம் ஒரே நீலம். 170 என்றாலும் நீலம், 100 என்றாலும் நீலம், ஆள் மயங்கி விழப்போகிற 40 என்றாலும் அதே நீலம். சீனி கூடுவதைக் காட்டிய அந்தப் பரிசோதனை, குறைவதை ஒருநாளும் காட்டவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததை வாசியுங்கள்.

அம்மா கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர். ஆறு நாளும் பின்னேரம் பாலும் பழமும் மட்டும். கலியாணம் கட்டின காலம் தொட்டுப் பிடித்து வந்தவரிடம் சீனி வருத்தம் வந்த பிறகு "விடுங்கோ அம்மா" என்றால் கேட்பாரா? சாப்பாட்டை விட்டார், குளிசையை விடவில்லை. "மருந்தை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது" என்று கிளினிக்கில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, வெறும் வயிற்றில் காலையும் மாலையும் கிளிக்ளசைட் போட்டிருக்கிறார். அந்தக் குளிசை உடம்பிலுள்ள கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டுவது. சாப்பிட்டோமா இல்லையா என்று பார்த்து அது வேலை செய்யாது.

சூரன்போருக்கு முதல்நாள் இரவு, அம்மா படுத்த பாயே நனைகிற அளவுக்கு வேர்வை. கை குளிர்ந்து நடுங்குகிறது. எழுப்பினால் என்னைச் செத்துப்போன தன் தங்கச்சியின் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், பேச்சுக் குழறுகிறது, தொட்டால் கையைத் தட்டிவிட்டு ஏசுகிறார். ஒருநாளும் என்னை ஏசாத மனிசி. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடி வந்தா. "விரதக் களைதான் பிள்ளை, பேசாமல் படுக்க விடு. விடியச் சரியாகிடும்."

படுக்க விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னதை இங்கே எழுத மனம் வரவில்லை.

மெசினை எடுத்துக் குத்தினேன். ஐந்து வினாடி. 41. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துவிட்டா. "சீனி வருத்தக்காரிக்குச் சீனித்தண்ணி குடுக்கிறியோ? விசரே உனக்கு?" பாசத்தில் சொன்னதுதான், அவவில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஊரில் நூறு பேரைக் கேட்டால் தொண்ணூறு பேர் அதைத்தான் சொல்வார்கள். நான் மெசினைத் திருப்பி அவவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். இலக்கத்தைப் பார்த்த பிறகுதான் கையை விட்டா.

அம்மாவால் விழுங்க முடிந்தது. கரண்டி கரண்டியாகப் பருக்கினோம். கால் மணித்தியாலம் கழித்துக் குத்த 66. இன்னொருமுறை சீனித்தண்ணி. பிறகு 94. அதற்குப் பிறகு பாணும் கொஞ்சம் பாலும். அம்மா என்னை என் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இந்தக் குளிசையின் வேகம் உடம்பில் நெடுநேரம் நிற்கும், சீனி திரும்பவும் இறங்கலாம் என்பதால் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளிசையின் அளவைக் குறைத்து, விரத நாளில் எதைப் போடுவது, எதை விடுவது என்று எழுதித் தந்தார்கள். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இலங்கையில் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், எனக்கு இந்த மெசினைப் போல ஒன்று இல்லை. நடுச்சாமத்தில் சீனி கொடுப்பதா, விடுவதா என்ற கேள்விக்கு அனுபவமும் பதில் சொல்லாது, பாசமும் பதில் சொல்லாது. இலக்கம் சொன்னது.

இந்த வசதி சும்மா வரவில்லை. இன்சுலினை 1921-இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் கண்டுபிடித்தார்கள். ஆனால் வீட்டில் இருந்து அளக்க அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1962-இல் லீலண்ட் கிளார்க் என்பவர் நொதியத்தை (என்சைம்) வைத்துச் சீனியை மின்னோட்டமாக அளக்கும் வழியைச் சொன்னார். இன்றைக்கு நாங்கள் மெசினில் செருகி இரத்தம் விடும் ஸ்ரிப் என்ற சின்னப் பட்டி அந்த வழியில் வந்ததுதான். அந்தப் பட்டியின் நுனியில் நொதியம் பூசியிருக்கும், இரத்தத்திலுள்ள குளுக்கோசோடு அது தாக்கம் புரியும்போது வரும் மின்னோட்டத்தை மெசின் இலக்கமாக்கிக் காட்டுகிறது. 1970 அளவில் அமெரிக்காவில் வந்த முதல் மெசின் ஒரு கிலோவுக்கு மேல் நிறை, அதுவும் டொக்டர்மாருக்கு மட்டும்தான் விற்றார்கள். ரிச்சர்ட் பேர்ன்ஸ்ரைன் என்ற பொறியியலாளர், சிறுவயதில் இருந்தே சீனி வருத்தக்காரர், தனக்கு விற்க மாட்டோம் என்றதும் வைத்தியரான தன் மனைவியின் பேரில் வாங்கி வீட்டில் வைத்துத் தன்னைத் தானே அளந்தார். பிறகு நடுவயதில் மருத்துவம் படித்து டொக்டராகவும் வந்தார். நோயாளி கையில் இலக்கத்தைக் கொடுக்கப் பயப்படுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் கொப்பியில் எழுதிக் கொண்டுபோனதைப் பார்த்து ஓரிடத்தில், இடத்தைச் சொல்லவில்லை, "ஏன் வீட்டிலை சும்மா குத்திக் குத்திப் பாக்கிறியள்? இஞ்ச நாங்கள் பாக்கிறம்தானே" என்று கேட்டார்கள். மாதம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தம், நடுச்சாமத்து 41-ஐ எப்படிக் காட்டும்?

மெசினால் வந்த இன்னொரு வெளிச்சம் பனங்கட்டி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். "சீனி கூடாது, பனங்கட்டி நல்லது" என்று சொல்லித் தேத்தண்ணிக்குப் பெரிய துண்டாகக் கடிப்பது எங்கள் ஊர் வழக்கம். அம்மாவும் அப்படித்தான். பனங்கட்டித் தேத்தண்ணி குடித்த பிறகு குத்திப் பார்த்தோம், சீனி போட்டுக் குடித்த நாளைப் போலவே ஏறியிருந்தது. பனங்கட்டியில் பெரும்பங்கு இருப்பது சுக்குரோஸ்தான், சீனியில் இருப்பதும் அதுதான். பனை எங்கள் கற்பகதரு, அதை நம்பி எத்தனையோ குடும்பம் சீவிக்கிறது, நான் அதற்கு எதிரி இல்லை. வருத்தம் இல்லாதவர்கள் வாங்கிச் சாப்பிடுங்கள், வெளிநாட்டுக்கும் அனுப்புங்கள். ஆனால் சீனி வருத்தக்காரருக்கு மருந்து மாதிரிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். புட்டிலும் இப்படித்தான். வாழைப்பழத்தோடு பிசைந்து சாப்பிட்ட நாளும், அளவைக் குறைத்து மீன்குழம்பும் முருங்கையிலை வறையுமாகச் சாப்பிட்ட நாளும் இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்றாக இல்லை. நான் ஆயிரம் தரம் சொல்லிக் கேட்காத அம்மா, மெசின் சொன்னதும் கேட்டார்.

"அந்தக் காலத்தில் குரக்கனும் ஒடியலும் சாப்பிட்டார்கள், இந்த வருத்தமே இல்லை" என்று எழுதப்போகிறவர்களுக்கு: சித்த வைத்தியத்தில் மதுமேகம் என்று இந்த வருத்தத்துக்குப் பேர் வைத்துக் குணம்குறியும் எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லாத வருத்தத்துக்கு யார் மருந்து எழுதுவார்கள்?

மெசின் சொல்வது தேவவாக்கு என்றும் நான் சொல்லவில்லை. ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரமே 100-க்கு மேற்பட்ட அளவில் 15 சதவீதம் முன்பின் இருக்க இடம் கொடுக்கிறது. அதனால் 142-க்கும் 150-க்கும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. கை கழுவாமல் குத்தக்கூடாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டிய கையோடு குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் பழத்தின் சீனியையும் சேர்த்து அளந்து இல்லாத பயத்தைக் காட்டும். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் நோவு குறைவு. ஸ்ரிப் போத்தலை எடுத்தவுடன் மூடிவிடுங்கள், எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் கெதியாகப் பழுதாகும்.

இனி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. கோபிக்காமல் கேளுங்கள். நீங்கள் அனுப்பும் மெசினில் பாதி இங்கே பெட்டியோடு கிடக்கிறது. அதற்கான ஸ்ரிப் இங்கே கடையில் இல்லை. கூட வந்த ஒரு போத்தல் முடிந்ததும் மெசின் வெறும் பிளாஸ்ரிக். இதைவிடப் பெரிய ஆபத்து அலகு. இலங்கையில் மில்லிகிராம் கணக்கு, கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் மில்லிமோல் கணக்கு. அங்கத்தைய இலக்கத்தை 18-ஆல் பெருக்கினால்தான் எங்கள் இலக்கம் வரும். முன்வீட்டு ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர், படித்த மனிதர். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய மெசின் 13.4 என்று காட்ட, கிளினிக்கில் இருநூறு வந்த எனக்கு இப்போது பதின்மூன்றுதான் என்று சந்தோசமாகச் சோறும் கூட்டிச் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தார். பெருக்கிப் பாருங்கள், 241. யாராவது ஒரு வரி தமிழில் எழுதி அந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தால் போதும்.

அதுதான் எனக்கு ஆறாத கோபம். இங்கே கடையில் வாங்கும் மெசினுக்குள்ளும் ஆங்கிலத் தாள், சிலவேளை சீன எழுத்து. இதே மானிப்பாயில், 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு எல்லாம் தமிழில் புத்தகமாக வந்தன. அமெரிக்காவில் இருந்து வந்த ஒரு மனிதரால் அந்தக் காலத்தில் முடிந்தது, இன்றைக்கு எல்லா வசதியும் உள்ள இறக்குமதிக்காரரால் ஒரு தாள் அச்சடிக்க முடியவில்லை. மருந்துப் பெட்டியிலும் இதே கதை. எழுபது வயது மனிசிக்கு விளங்காத எழுத்தில் எச்சரிக்கை எழுதி யாருக்கு எச்சரிக்கை? இது கேள்விக்கு வெளியே போகிறது என்று தெரியும், ஆனால் இதைச் சொல்லாமல் மெசினை மட்டும் புகழ எனக்கு மனமில்லை.

விலையையும் சொல்ல வேண்டும். மெசின் பெரிய செலவில்லை, செலவு ஸ்ரிப்பில்தான். 2022-இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 350-ஐத் தாண்டியபோது ஸ்ரிப் விலையும் கூடவே ஏறியது. பெற்றோலும் இல்லை, ஓட்டோவும் இல்லை, கிளினிக்குக்குப் போக வழியில்லாத அந்த மாதங்களில் வீட்டில் மெசின் இருந்தவர்கள்தான் ஓரளவுக்குத் தப்பினார்கள். அம்மா பெட்டியைத் தலைமாட்டில் வைத்து எண்ணி எண்ணிப் பாவித்தார். கையில் ஒட்டி இரண்டு கிழமைக்கு வைத்திருக்கும் சென்சர் மேல்நாட்டில் 2014 தொட்டு இருக்கிறது, பெரும்பாலும் விரலில் குத்தத் தேவையில்லை. என் மச்சாள் லண்டனில் அதைத்தான் பாவிக்கிறா. நல்ல பொருள்தான், இங்கே சம்பளக்காரருக்கு எட்டாது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வாங்குவதென்றால் முதலில் பக்கத்துப் பார்மசியில் எந்த ஸ்ரிப் எப்போதும் கிடைக்கிறது என்று கேளுங்கள், அதற்குப் பொருந்தும் மெசினை வாங்குங்கள். வெளிநாட்டுச் சொந்தம் உதவி செய்யக் கேட்டால் மெசின் வேண்டாம், மாதாமாதம் ஸ்ரிப்புக்குக் காசு அனுப்பச் சொல்லுங்கள். கூடவே ஒரு கொப்பி. திகதி, நேரம், சாப்பிட்டது, போட்ட குளிசை, இலக்கம். கிளினிக்கில் அந்தக் கொப்பியை விரித்து வையுங்கள், பார்க்க மாட்டேன் என்றாலும் விரித்து வையுங்கள்.