அல்சைமர் நோயில் மூளையைக் கெடுப்பது நம் நோய் எதிர்ப்பு மண்டலமேதானா?

பாதி உண்மை. மூளைக்கென்றே தனிக் காவல் செல்கள் உண்டு. மைக்ரோக்ளியா என்று பெயர். ஓய்வில்கூட இவை சும்மா இருப்பதில்லை: மெல்லிய கைகளை நீட்டி மடக்கி அக்கம்பக்கத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும். செத்த செல்லோ, அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவோ தட்டுப்பட்டால் சூழ்ந்துகொண்டு விழுங்கப் பார்க்கும்.

இதுவரை நல்லதுதான். அந்தப் படிவு கரையாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால்தான் வினை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை மைக்ரோக்ளியா விடாமல் சுரக்க, பக்கத்து நரம்பு செல்களும் சேர்ந்து அடிவாங்குகின்றன. எலிகளில் இன்னொன்றும் பார்த்திருக்கிறார்கள்: சி1க்யூ என்ற புரதம் ஒட்டிக்கொண்ட நரம்பிணைப்புகளை மைக்ரோக்ளியா குப்பை என்று எண்ணித் தின்றுவிடுகின்றன!

சரி, அழற்சியை அடக்கிவிட்டால் போதாதா? வலி, வீக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளை வைத்துச் சோதித்தார்கள், பலன் இல்லை. எனக்கு அது வியப்பாகவும் இல்லை. மைக்ரோக்ளியாவை வேலைக்கு எழுப்பும் ட்ரெம்2 மரபணுவில் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் ஆபத்து பல மடங்கு கூடுவது 2013-இல் தெரியவந்தது. காவல் தளர்ந்தாலும் கேடுதான்.

2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகனமாப் என்ற அல்சைமர் மருந்து, எதிர்ப்பு மண்டலத்தை அடக்குவதில்லை. எதிர்ப்புரதமாகப் போய் அமிலாய்டில் ஒட்டி, அதை அகற்றத் துணைபுரிகிறது. நோயின் வேகம் ஓரளவு குறைகிறது, நிற்பதில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருவதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள்.