சிக்ஸ் விழாத சனிக்கிழமைகள்: விளையாட்டு குறித்த வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நால்வரும் இப்போது நான்கு ஊர்களில் வேலை பார்க்கிறோம். சனிக்கிழமை இரவுகளில் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே கைப்பேசியில் லூடோ ஆடுகிறோம். அடிக்கடி யாராவது ஒருவருக்குச் சிக்ஸே விழாமல் நான்கு காய்களும் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. செயலி வேண்டுமென்றே ஆள் பார்த்து ஏமாற்றுகிறது என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையாக இருக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு குறிப்பிட்ட செயலிக்கு நற்சான்றிதழ் கொடுக்க என்னால் இயலாது. ஆனால், உங்கள் நண்பர் காட்டும் ஆதாரம் குற்றச்சாட்டை நிரூபிக்கப் போதாது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நேர்மையான ஒரு பகடையைப் பத்து முறை உருட்டியும் ஒரு முறைகூடச் சிக்ஸ் விழாமல் போவதற்கு ஏறத்தாழ 16 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒருவருக்கு என்று பார்த்தால் இது சிறிய எண்தான். ஆடுவது நால்வர் ஆயிற்றே! நால்வரில் ஒருவராவது தமது முதல் பத்து வீச்சுகளிலும் சிக்ஸைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதற்கான வாய்ப்பு 50 விழுக்காட்டைத் தொட்டு, சற்றே தாண்டவும் செய்கிறது. ஆகவே எந்தச் சூழ்ச்சியும் இல்லாமலேயே ஏறக்குறைய இரண்டு ஆட்டங்களுக்கு ஒன்றில் உங்களில் எவரேனும் ஒருவர் புலம்பிக்கொண்டிருப்பார்; புலம்புகிறவர் வாரத்துக்கு ஒருவராக மாறினாலும், புலம்பல் மட்டும் அனைவரின் நினைவிலும் தங்கிவிடுகிறது.

நம் பாட்டிமார்கள் இதைவிடக் கடுமையான ஆட்டத்தை ஆடியவர்கள். பித்தளைத் தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று முகங்களில் புள்ளிகளும், நான்காவது முகம் வெறுமையாகவும் இருக்கும். இரண்டு கட்டைகளையும் உருட்டினால் வரக்கூடிய 16 சேர்க்கைகளில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழுவது இரண்டில் மட்டுமே. எட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விழுவதற்கோ நான்கு வழிகள் உள்ளன. அதனால்தான் தாயம் கேட்டுக் கட்டையை உருட்டும்போதெல்லாம் மூன்று விழுந்து எரிச்சலூட்டுகிறது. பத்து வீச்சுகளில் தாயமே விழாமல் போவதற்கு 26 விழுக்காடு வாய்ப்பு இருந்தும், அந்தக் காலத்தில் யாரும் கட்டையைச் செய்தவரைக் குறை சொன்னதில்லை. கட்டையைக் கைக்குள் உருட்டாமல் பதமாகத் தரையில் இறக்கிவைத்த எதிராளியைத்தான் குறை சொன்னார்கள். பெரும்பாலும் அந்தக் குற்றச்சாட்டில் உண்மையும் இருந்தது.

நண்பரின் ஐயம் தீர வேண்டுமானால், நால்வரின் வீச்சுகளையும் விடாமல் ஒரு தாளில் குறித்து வையுங்கள். 600 வீச்சுகளில் சராசரியாக 100 சிக்ஸ் விழ வேண்டும். 82 முதல் 118 வரை எது வந்தாலும் அது இயல்பான ஏற்ற இறக்கம்தான். அறுபதோ எழுபதோ வந்தால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள். தோற்ற ஆட்டங்களை மட்டும் குறித்துவைத்துக் கணக்குக் காட்டக் கூடாது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் நண்பர்களோடு கேரம் ஆடும்போது ரெட்டும் என்னுடைய காயும் ஒரே அடியில் குழிக்குள் விழுந்தன. ரெட் முதலில் விழுந்ததால் தனியாக ஃபாலோ (அடுத்த அடியில் சொந்தக் காய் ஒன்று) போட வேண்டும் என்று எதிரணியினர் சண்டைக்கு வந்துவிட்டனர். எது சரி?
– வாசகர், சென்னை

பதில்: நீங்கள் சொல்வதே சரி. ஒரே அடியில் ரெட்டும் சொந்தக் காயும் விழுந்துவிட்டால், எது முன்னால் விழுந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபாலோ ஆகிவிட்டதாகவே சர்வதேச விதி கொள்கிறது. ரெட் மட்டும் தனியாக விழுந்தால், அடுத்த அடியிலேயே சொந்தக் காய் ஒன்றைப் போட்டாக வேண்டும். தவறினால் ரெட் மீண்டும் நடுவட்டத்துக்குப் போய்விடும். உங்கள் எதிரணியினர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று. ரெட்டைப் போடும் உரிமை பெறுவதற்கு அதற்கு முன்பே உங்கள் காய் ஒன்றாவது குழிக்குள் போயிருக்க வேண்டும். அது போயிருந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை.

மொட்டை மாடிச் சண்டைகளில் பாதிக்குக் காரணம், வீட்டு விதியும் போட்டி விதியும் கலந்துகிடப்பதுதான். வீட்டில் கறுப்புக்கு இத்தனை, வெள்ளைக்கு இத்தனை, ரெட்டுக்கு ஐம்பது என்று கணக்கு வைத்துக்கொள்கிறோம். போட்டியிலோ எதிராளிக்குப் பலகையில் மிஞ்சியிருக்கும் காய் ஒன்றுக்கு ஒரு புள்ளியும், ரெட்டுக்கு மூன்று புள்ளிகளும் மட்டுமே. அதனால் ஒரு போர்டில், அதாவது ஒரு சுற்றில், கிடைக்கக்கூடிய உச்ச அளவு 12 புள்ளிகள். 25 புள்ளிகளை எட்டுகிறவர், அல்லது எட்டு போர்டுகள் முடியும்போது முன்னிலையில் இருப்பவர் அந்த ஆட்டத்தை வெல்கிறார். ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது அது அடிக்கோடுகள் இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்துச் சிவப்பு வட்டத்தின்மேல் வைப்பதானால் வட்டத்தை முழுவதுமாக மூட வேண்டுமே தவிர, பாதி மூடி வைக்கக் கூடாது. கைப்பேசியில் கேரம் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியும். அங்கே தவறான இடத்தில் ஸ்ட்ரைக்கரை வைக்கவே திரை அனுமதிப்பதில்லை. சென்னை கேரம் உலகத்துக்கு அந்நியமான ஊர் அன்று. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கப்பட்டது இங்கேதான். உலகப் பட்டத்தை இரண்டு முறை வென்ற மரிய இருதயம் இந்த ஊர்க்காரர். ஆகவே விதியை அச்சிட்டு மாடிக் கதவில் ஒட்டிவைப்பதில் உங்களுக்குக் கூச்சம் தேவையில்லை.

கேள்வி: நண்பர்களுக்குள் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டி ஆன்லைனில் ரம்மி ஆடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பிரித்துப் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையே தடைசெய்கிறது. நடத்துகிறவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. இன்றும் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆடவிடும் செயலி சட்டத்துக்கு வெளியே நின்று தொழில் நடத்துகிறது என்பதால், அந்தப் பணம் திரும்பி வரும் என்று நம்புவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. பணமில்லாத ரம்மிக்கு யாரும் தடை போடவில்லை.

கேள்வி: விடுமுறையில் தோழிகள் ஐவர் சேர்ந்து பிசினஸ் ஆட்டம் ஆடினோம். முதல் ஒரு மணி நேரத்திலேயே இருவர் திவாலாகிவிட்டார்கள். மற்றவர்கள் மூன்று மணி நேரம் இழுத்தடித்ததில் அந்த இருவரும் கைப்பேசியில் மூழ்கிவிட்டனர். வேறு நல்ல பலகை ஆட்டம் உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: திவாலானவர்கள் சலிப்படைந்தது ஆட்டத்தின் குறை, அவர்களுடைய குறை அன்று. நம் ஊர் பிசினஸுக்கு மூலமான மோனோபோலியின் வேர், அமெரிக்காவைச் சேர்ந்த லிஸ்ஸி மேகி என்ற பெண்மணி 1904-இல் காப்புரிமை பெற்ற ஆட்டத்தில் இருக்கிறது. நிலத்தைக் கைக்குள் வைத்திருப்பவர்கள் வாடகை வாங்கியே மற்றவர்களை எப்படி ஓட்டாண்டியாக்குகிறார்கள் என்று காட்டுவதற்காகவே அவர் அதை வடிவமைத்தார். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மோனோபோலியை வெளியிட்டபோது பெயரும் பணமும் சார்லஸ் டாரோ என்பவருக்குப் போயின. ஒருவர் தழைக்க மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுவது அந்த ஆட்டத்தின் பிறவிக் குணம்.

ஆட்டம் நீள்வதற்கு நாமும் ஒரு காரணம். மோனோபோலியின் அச்சிட்ட விதிப்படி, ஒருவர் தாம் நின்ற இடத்தை வாங்க மறுத்தால் அது உடனே ஏலத்துக்கு வர வேண்டும். இலவச நிறுத்துமிடத்தில் நிற்பவருக்குப் பணம் எதுவும் கிடையாது. ஏலத்தைக் கைவிட்டு, அபராதப் பணத்தையெல்லாம் நடுவில் குவித்து, அந்தக் கட்டத்தில் நிற்பவருக்கு அள்ளிக் கொடுக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் திவாலாக வேண்டியவர் உயிர் பிழைத்து உயிர் பிழைத்து ஆட்டம் நள்ளிரவைத் தாண்டும். உங்கள் பெட்டியில் உள்ள விதித்தாளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் கட்டான் என்ற ஆட்டத்தைச் சொல்வேன். பல் தொழில்நுட்பராக வேலை பார்த்த கிளாஸ் டொய்பர் உருவாக்கி, 1995-இல் ஜெர்மனியில் வெளியான ஆட்டம் இது. 19 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து ஒரு தீவு அமைத்து, அதில் சாலையும் வீடும் கட்டி, முதலில் 10 புள்ளிகளை எட்டுகிறவர் வெல்கிறார். கடைசி வரை யாரும் வெளியேற்றப்படுவதில்லை. இன்னொருவர் பகடை உருட்டினாலும் உங்களுக்குச் செங்கல்லோ கோதுமையோ கிடைக்கலாம் என்பதால் கைப்பேசியை எடுக்க நேரமிருக்காது. தவிர, 'ஒரு ஆடு தருகிறேன், ஒரு மரக்கட்டை தருகிறாயா' என்ற பேரம்தான் ஆட்டத்தின் உயிர். பேசிப் பழகிய தோழிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஒரே இடைஞ்சல்: அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்கு உரியது, ஐந்தாமவருக்குக் கூடுதல் பெட்டி தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி: நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், பள்ளி நண்பர் டொராண்டோவில் இருக்கிறார். துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் சேர்ந்து ஆடினால், சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துவிடுகிறேன். வேகமான இணைப்பு வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆகாது. நீங்கள் வாங்கப்போகும் வேகம் ஒரு நொடியில் எவ்வளவு தரவு வரும் என்பதைக் கூட்டுமே தவிர, அது வந்து சேரும் நேரத்தைப் பெரிதாகக் குறைக்காது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. உங்கள் இருவருக்கும் இடையே 13,000 கிலோமீட்டருக்குக் குறையாது என்பதால், நேர்க்கோட்டில் கேபிள் போட்டாலும் போய்வர 130 மில்லிநொடி ஆகும். கேபிள்கள் கடலைச் சுற்றி வருவதால் உண்மையில் இன்னும் அதிகம். சுவர் விவகாரத்துக்கும் இதுதான் விடை. சுட்டவரின் திரையில் அந்தக் கணத்தில் நீங்கள் எங்கே தெரிந்தீர்களோ, அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் பல ஆட்டங்களின் சர்வர்கள் தீர்ப்பு வழங்குகின்றன. நீங்கள் ஒளிந்த செய்தி அவருக்குப் போய்ச் சேரும் முன்பே அவர் சுட்டிருப்பார்.

சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தால் உங்களுக்கு நன்மை, நண்பருக்குத் துன்பம். அமெரிக்க சர்வரைத் தேர்ந்தால் நிலைமை தலைகீழ். எதிரெதிராக ஆடாமல் ஒரே அணியில் இருந்துகொண்டு, வாரத்துக்கு ஒரு பக்கத்து சர்வர் என்று மாற்றிக்கொள்வது நியாயமான ஏற்பாடு. அதுவும் சலித்தால், லிசெஸ் போன்ற இலவசத் தளத்தில் நகர்வு ஒன்றுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ அவகாசம் வைத்துச் சதுரங்கம் ஆடுங்கள். டொராண்டோவில் அவர் உறங்கும்போது நீங்கள் யோசிக்கலாம். அஞ்சலட்டையில் நகர்வை எழுதி அனுப்பி ஆடிய காலத்தோடு ஒப்பிட்டால் இது மின்னல் வேகம்.