நாடிச் சுவருக்குள் என்ன இருக்கிறது? எம்.ஆர்.ஐ. பற்றிய கேள்வி பதில்

கதிரியற் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அங்கத்தவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

நல்லூரிலிருந்து: அப்பாவின் கழுத்து நாடியில் பாதியளவு அடைப்பு இருப்பதாக அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. கேத்திலின் அடியில் படியும் சுண்ணாம்பைப் போன்றதுதானே இது? எம்.ஆர்.ஐ. மேலதிகமாக எதைக் காட்டும், ஐயா?

எங்கள் கிணற்று நீரைக் காய்ச்சுகிறவர்களுக்குக் கேத்தில் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனாலும் அந்த உவமை இங்கே பொருந்தாது. சுண்ணாம்பு உலோகத்தின் மேலே படிகிறது. கொழுப்போ நாடியின் உட்படைக்குக் கீழே, சுவருக்குள்ளேயே சேர்கிறது. மாரியில் ஈரம் ஊறிப் பொருமி நிற்கும் சாந்துச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருமல் தொடக்கத்தில் வெளிப்பக்கமாகவே வளரும். 1987 இல் கிளாகோவ் என்ற நோயியலாளரும் அவருடைய குழுவினரும் இறந்தவர்களின் முடியுரு நாடிகளை (இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்பவை) ஆராய்ந்து, நாடிச் சுவரின் உள்மீள்படை சூழ்ந்த பரப்பில் ஏறத்தாழ 40 வீதத்தைப் படிவு பிடிக்கும்வரை குருதி ஓடும் துவாரம் சுருங்குவதில்லை என்று காட்டினார்கள். ஆகவே, துவாரத்தை மட்டும் காட்டும் அஞ்சியோகிராமில் குறையொன்றும் தெரியாத நாடியிலும் நோய் இருக்கக்கூடும்.

எம்.ஆர்.ஐ.யில் ஓடும் குருதியிலிருந்து வரும் சைகையை அணைத்துவிடலாம். அப்போது துவாரம் கரிய வட்டமாகவும், அதைச் சூழ்ந்த சுவர் சாம்பல்நிற வளையமாகவும் தெரியும். அதே இடத்தை ரி1, ரி2 என வெவ்வேறு முறைகளில் படமெடுத்து ஒப்பிடும்போது, கல்சியம் எல்லாப் படங்களிலும் கறுத்திருக்கும். கொழுப்புக் கருவும் அதை மூடியுள்ள நார்ப்படையும் வேறுபட்டுத் தெரியும். படிவுக்குள் இரத்தம் கசிந்திருந்தால், அது ரி1 படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நான் முதலில் தேடுவது அந்த வெள்ளையைத்தான், ஏனென்றால் ஒரே அளவு ஒடுக்கமுள்ள இருவரில் கசிவு உள்ளவருக்கே பாரிசவாத ஆபத்து கூடுதலாகும். பாதி அடைப்பு என்ற எண்ணைக் கேட்டு ஆறுதலடையவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம்.

சாவகச்சேரியிலிருந்து: யுத்த காலத்தில் தொடையில் பாய்ந்த ஷெல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. எனக்கு இந்தப் படம் எடுக்கலாமா?

எம்.ஆர்.ஐ. இயந்திரம் பலத்த காந்தம், இரும்புத் துண்டை இழுத்து அசைக்கக்கூடும்; ஆகவே அறைக்குள் கால்வைக்க முன்னரே அதைச் சொல்லிவிடுங்கள். முதலில் எக்ஸ்றே எடுத்து, துண்டு எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். தசைக்குள் பல ஆண்டுகளாகக் கிடப்பதை வடுத்திசு பெரும்பாலும் இறுகப் பிடித்திருப்பதால், கதிரியல் வைத்தியர் ஆராய்ந்து அனுமதி தருவதுண்டு. கண், முண்ணாண், பெரிய குருதிக்குழாய் ஆகியவற்றின் அருகே இருந்தால் நிலைமை வேறு. அங்கே சிறு அசைவும் கெடுதி செய்யும். தொடையிலுள்ள உலோகம் கழுத்துப் படத்தைக் குழப்பாது. எங்கள் ஊர்களில் இந்தக் கேள்வியைப் படிவத்தின் முதல் வரியிலேயே அச்சிடவேண்டும் என்பது என் எண்ணம்.

பருத்தித்துறையிலிருந்து: இதய நாடிகளையும் இவ்வாறு பார்க்க முடியுமா?

ஆய்வு நிலையங்களில் பார்க்கிறார்கள். ஆனால் சில மில்லிமீற்றர் அகலமே உள்ள அந்த நாடிகள் இதயத் துடிப்போடும் மூச்சோடும் அசைந்துகொண்டே இருப்பதால், அன்றாட வைத்தியத்தில் சி.ரி.யே கைகொடுக்கிறது.

வேலணையிலிருந்து: அம்மாவுக்கு நீரிழிவு, சிறுநீரகமும் பலவீனம். சாய மருந்து ஏற்றுவார்களா?

படிவுக்குள் உள்ள இரத்தக் கசிவைக் காண மருந்து தேவையில்லை. நார்ப்படையைத் தெளிவாகப் பார்க்கவேண்டுமானால் கடோலினியம் என்ற சாய மருந்து உதவும். சிறுநீரகம் மிகவும் குன்றியவர்களுக்குப் பழைய வகைக் கடோலினியம் மருந்துகளால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் அரிய நோய் வந்திருப்பதால், சிறுநீரகம் எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் அம்மாவின் அண்மைய கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை மறவாமல் கொண்டுசெல்லுங்கள்.

கோப்பாயிலிருந்து: எனக்கு வயது 42, வருத்தம் ஒன்றுமில்லை. முன்னெச்சரிக்கையாக எடுத்துப் பார்க்கலாமா?

தேவையில்லை, தம்பி. பிரஷர், சீனி, கொலஸ்திரோல் மூன்றையும் பாருங்கள், புகைத்தால் நிறுத்துங்கள்.

வட்டுக்கோட்டையிலிருந்து: அடுத்த வாரம் எனக்கு எடுக்கப் போகிறார்கள். எப்படி ஆயத்தமாவது?

கழுத்தின் இருபுறமும் சைகையைப் பெறும் சுருள்களை வைத்து, அரைமணி முதல் முக்கால் மணி நேரம்வரை படுக்கவைப்பார்கள். இயந்திரம் தட்டுவதுபோலப் பலத்த ஒலி எழுப்பும், காதடைப்பான் தருவார்கள். படம் காட்ட முயல்வது அரை மில்லிமீற்றர் அளவிலான நுணுக்கம் என்பதால், ஒருமுறை எச்சில் விழுங்கினாலும் கழுத்து அசைந்து சுவரின் ஓரம் கலங்கிவிடும். ஒலி ஓயும் இடைவெளிகளில் விழுங்கிக்கொள்ளுங்கள், இருமல் இருந்தால் வேறு நாள் கேளுங்கள்.