கார் பெயின்ட்டுக்குப் பிலிமா, கோட்டிங்கா? வாசகர் கேள்விகள்

கேள்வி: புது கார். செராமிக் கோட்டிங் போட்டால் பைபாஸில் லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல்லைத் தாங்குமா? (கிருஷ்ணகிரி)

தாங்காது. செராமிக் கோட்டிங் என்பது பெயின்ட் மேல் பூசும் மெல்லிய திரவப் பூச்சு. கல்லடிக்குப் பெயின்ட் மேல் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத பிலிம்தான்.

கேள்வி: முன்பணம் கட்டிவிட்டேன். 22,000 ரூபாய் கோட்டிங் பேக்கேஜ் எடுத்தால்தான் டெலிவரி தேதி தருவோம் என்கிறது ஷோரூம். (சென்னை)

எடுக்காதீர்கள். இதை வாங்கினால்தான் அதைத் தருவேன் என்று கட்டாயப்படுத்துவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்கக்கூடிய விஷயம். ‘கோட்டிங் வேண்டாம், அதை நீக்கிவிட்டு கொட்டேஷன் கொடுங்கள்’ என்று மெயில் போடுங்கள், வாயால் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். மசியவில்லை என்றால் 1915க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

நானும் இதில் ஏமாந்தவன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, வீட்டில் எல்லோரும் போட்டோவுக்கு நிற்கிறார்கள், அந்த நேரம் பார்த்து ஒருவர் தாளை நீட்டினார், 18,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டேன். பில்லில் ‘பெயின்ட் புரொடெக்‌ஷன்’ என்று இரண்டே சொல். எந்த மருந்து, எத்தனை பூச்சு, யார் போட்டது, ஒன்றும் கிடையாது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

கேள்வி: ‘9எச், வைரத்துக்கு அடுத்த கடினம், 5 வருஷ வாரண்டி’ என்றார்கள். 8 மாதத்தில் கறுப்பு பானெட் முழுக்க வெள்ளை வளையங்கள். கேட்டால் நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை என்கிறார்கள். (மதுரை)

உங்கள் மேல் தப்பில்லை. இந்த 9எச் கதையைச் சொல்லி எத்தனை பேரிடம் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைத்தாலே கோபம் வருகிறது. 9எச் என்பது பென்சில் கணக்கு. பள்ளிக்கூடத்தில் எச்பி பென்சில் வைத்திருந்தோமே, அதே வரிசையில் கடினமான பென்சில் 9எச். அதை அழுத்தித் தள்ளியும் கீறல் விழவில்லை என்றால் 9எச் என்று எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வைரத்துக்கு 10 என்பது மோஸ் அளவுகோல், கற்களுக்கானது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தெருப்புழுதியில் இருக்கும் மணல் அந்த மோஸ் கணக்கில் 7, பென்சில் முனையைவிட எவ்வளவோ கடினம். அதனால்தான் காய்ந்த தூசியைத் துணியால் துடைத்தால் கோட்டிங் போட்ட காரிலும் கீறல் விழுகிறது.

வளையங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு. கோட்டிங் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், வெயிலில் காயும், உப்பு அங்கேயே வட்டமாகத் தங்கிவிடும். அழுக்கு ஒட்டாமல் இருக்கும், கழுவ லேசாக இருக்கும், பளபளப்பு நிற்கும்: கோட்டிங்கின் பயன் இதுதான். உப்பைத் தடுக்கும் வேலை அதனால் ஆகாது, விற்கும்போது சொல்லவும் மாட்டார்கள். அவர்கள் அனுப்பிய விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கேள்வி: முழு காருக்கும் 30,000 ரூபாயில் பிபிஎஃப் (பெயின்ட் பாதுகாப்பு பிலிம்) ஒட்டினேன். 10 மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. பில் வாங்கவில்லை. (கோவை)

ஏன் வாங்கவில்லை? காய்கறிக் கடையில் பத்து ரூபாய் மீதியை எண்ணிப் பார்க்கிறோம், 30,000 ரூபாயை மட்டும் யாரோ ஒருவரின் போன் நம்பருக்கு அனுப்பிவிட்டு வந்துவிடுகிறோம். நல்ல பிலிம் டிபியு என்ற பாலியூரித்தேன் வகை. உங்களுக்கு ஒட்டியது பிவிசியாக இருக்கலாம், அது சீக்கிரம் மஞ்சளிக்கும். அடுத்த முறை ஒட்டும்போது வெட்டி விழும் துண்டைக் கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள்: டிபியு ரப்பர் மாதிரி நீண்டு பழைய அளவுக்குத் திரும்பும், பிவிசி முறைப்பாக இருக்கும். ரோல் உங்கள் எதிரில் பிரிக்கப்பட வேண்டும், அதன் எண்ணும் மைக்ரான் கணக்கில் அதன் தடிமனும் பில்லில் ஏற வேண்டும்.

இன்னொன்று. மெஷினில் வெட்டிய பிலிமையே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் பழைய பிலிமை உரித்தபோது பானெட் ஓரம் நெடுக மயிரிழை போல ஒரு கோடு, நகத்தை வைத்தால் தட்டுகிறது. காரின் மேலேயே வைத்து பிளேடால் அறுத்திருக்கிறார்கள்.

பணம் அனுப்பிய விவரம், படங்கள் இருந்தால் அதை வைத்தாவது கடைக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஒரு கதவு மட்டும் கம்பெனி பெயின்ட் இல்லை, வெளிக் கடையில் அடித்தது. பிலிம் ஒட்டலாமா? (நாகர்கோவில்)

அந்தக் கதவை விட்டுவிடுங்கள். உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம்.

கேள்வி: கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. பிலிமா, கோட்டிங்கா? (திருப்பூர்)

தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறீர்கள் என்றால் முன்பக்கத்துக்கு மட்டும் நல்ல பிலிம்: பம்பர், பானெட், பக்கவாட்டுக் கண்ணாடிகளின் முதுகு. மிச்சத்துக்கு மாதம் ஒரு முறை நிழலில் நிறுத்தி வாக்ஸ் போடுங்கள். ஊருக்குள்ளேயே ஓடும் காருக்கு இரண்டும் வேண்டாம்.