எம்.சி.ஏ.வும் பித்தளைக் குண்டும்

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. பையன் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். "எம்.சி.ஏ. சேர்த்துவிடுங்கள், பெங்களூரில் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சித்தப்பா சொல்லிவிட்டாராம். பையனோ முந்நூறு வருடத்துக்கு முன் காலேஜில் இயக்கவியலை எப்படி நடத்தினார்கள் என்று தேடித் தேடிப் படிக்கிறான். "இதெல்லாம் சோறு போடுமா சார்?" என்றார் அப்பா.

முதல் பத்து நிமிடம் சமாதானம் சொன்னேன். அப்புறம் விட்டுவிட்டேன். சித்தப்பா பார்த்துக்கொள்ளப்போவது முதல் இரண்டு மாதம் தங்க இடமும் சாப்பாடும்தான். அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த வேலைக்குப் போகப்போகிறவன் இவன். எம்.சி.ஏ., பி.எட்., போட்டித் தேர்வு பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். யாரும் சொல்லாதது அறிவியல் வரலாறு என்று ஒரு படிப்பு இருப்பதை.

பையன் நோட்டைத் திறந்து ஒரு படம் காட்டினான். ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகம். வாத்தியார் புத்தகத்தை வாசிக்க, மாணவர்கள் எழுதிக்கொள்வதுதான் அதுவரை பெரும்பாலும் இயற்கைத் தத்துவ வகுப்பு, அதாவது அன்றைய இயற்பியல் வகுப்பு. 1675இல் டி வோல்டர் என்ற பேராசிரியர் அங்கே சோதனைகளைச் செய்தே காட்டுவதற்கு ஓர் அரங்கம் தொடங்கினார். பின்னால் வந்த ஸ்கிராவெசாண்ட, ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் உள்ள பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டார். மூன்று மடங்கு எடையுள்ள குண்டை மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து போட்டாலும் குழி ஒரே அளவுதான். விழும் உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. அதாவது, மோதலின் வலு வேகத்தோடு அல்ல, வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. அவரோ நியூட்டன் கட்சிக்காரர்; வலு வேகத்தோடுதான் போகிறது என்பது அந்தக் கட்சி. குழியோ, வர்க்கத்தோடு என்று சொன்ன ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் பக்கம் பேசியது. மனிதர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஸ்கிராவெசாண்ட டாக்டர் பட்டம் வாங்கியது சட்டத்தில் என்பதையும் அப்பாவிடம் சொன்னேன். ஹேக் நகரில் வக்கீலாக இருந்தவர், 1717இல் லைடனில் கணித, வானியல் பேராசிரியர். அவருடைய கருவிகள் இன்றும் அதே ஊரில் பூர்ஹாவே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் காலப் பாடநூல்களையும் மாணவர் குறிப்புகளையும் படிப்பது, கருவியைத் திரும்பச் செய்து பார்ப்பது, இதுதான் இந்தத் துறையின் அன்றாட வேலை. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கு இரண்டு வருட முதுகலை உண்டு. இயற்பியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். வேலை அருங்காட்சியகம், ஆய்வு, அறிவியல் எழுத்து என்று கிடைக்கும். ஆனால் இடங்கள் குறைவு, மறைக்கவில்லை.

பண விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு. உதவித்தொகைக் கடிதம் கையில் வந்த பிறகுதான் டிக்கெட். அதுவரை இங்கேயே அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல், கூடவே தினம் ஒரு மணி நேரம் லத்தீன், ஏனென்றால் அந்த நூல்களில் பெரும்பாலானவை லத்தீனில்தான். ஆறு மாதத்தில் லத்தீன் கசந்துவிட்டால் எம்.சி.ஏ. பற்றி நானே சித்தப்பாவிடம் பேசுகிறேன்.

அதுவரை வாய் திறக்காத அம்மா, பையன் பக்கம் திரும்பினார்.

"அப்போ அன்னிக்கு என் சப்பாத்தி மாவு முழுக்கக் குழி குழியா இருந்ததே, அது இதுக்குத்தானா?"