முதலீட்டு வங்கியில் எந்தக் கதவால் நுழைவது: இலண்டன் வந்திருக்கும் தங்கைக்கு

கிளிநொச்சியிலிருந்து நிதியியல் முதுகலை படிக்க இலண்டன் வந்து மூன்று கிழமைகள் ஆகின்றன என்று எழுதியிருந்தீர்கள். முதலீட்டு வங்கியில் எந்த வேலை கிடைத்தாலும் முதலில் உள்ளே நுழைந்துவிட வேண்டும், பிறகு விரும்பிய பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று உறவினர்கள் சொல்வது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். அறை வாடகை, குளிருடுப்பு, சம்பளம் பற்றிய மற்றக் கேள்விகளுக்கு உங்களோடு படிக்கும் பிள்ளைகளே என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் விரிவாக எழுத வேண்டும். போரினால் மூடியிருந்த ஏ9 பாதை திறந்த 2002இல் பரந்தனிலிருந்து வந்த எனக்கும் இதே ஆலோசனையைத்தான் சொன்னார்கள்; அதை நம்பி நான் ஆறு ஆண்டுகளை இழந்தேன்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து அக்கா வீட்டில் இருந்தபடி இதை எழுதுகிறேன். வெளியே காலபோகத்துக்கு விதைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரணைமடுக் குளத்தில் துருசைத் திறப்பவர் ஒருவர், கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று வாய்க்கால் வழியே நடந்து பார்ப்பவர் இன்னொருவர் என்பதை நீங்கள் சிறுவயதிலிருந்தே அறிவீர்கள். வங்கியும் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. நிறுவனங்களின் இணைப்புக்கும் கையகப்படுத்தலுக்கும் ஆலோசனை கூறுவோர், பங்குகளையும் முறிகள் எனப்படும் கடன் பத்திரங்களையும் வெளியிட்டு மூலதனம் திரட்டிக் கொடுப்போர், சந்தையில் வாங்கி விற்போர் ஆகியோர் முன் அலுவலகத்தினர். வருமானத்தைக் கொண்டுவருபவர்கள் அவர்களே. அவர்கள் எடுக்கும் இடர்நேர்வை அளப்பவர்களும், அவர்கள் காட்டும் இலாப நட்டம் உண்மைதானா என்று நாள்தோறும் சரிபார்ப்பவர்களும் நடு அலுவலகத்தினர். விற்ற பங்கு உரியவரின் கணக்குக்குச் சென்றதா, அதற்கான பணம் வந்ததா என்று பார்க்கும் தீர்ப்பனவுப் பிரிவு பின் அலுவலகத்தைச் சேர்ந்தது.

இவற்றுக்கு இடையிலான சுவரை வெறும் மேட்டிமை என்று எண்ணாதீர்கள். 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி 1995இல் வீழ்ந்ததற்கு, சிங்கப்பூரில் நிக் லீசன் என்பவர் வணிகத்தையும் அதன் தீர்ப்பனவையும் ஒருவராகவே கையில் வைத்திருந்து 827 மில்லியன் பவுண் நட்டத்தை மறைத்ததே காரணம். 2008இல் சொசியெத்தே ஜெனரால் வங்கிக்கு 4.9 பில்லியன் யூரோ நட்டத்தை ஏற்படுத்திய ஜெரோம் கெர்வியல், நடு அலுவலகத்திலிருந்து வணிக மேசைக்கு, அதாவது சந்தையில் வாங்கி விற்கும் குழுவுக்கு, சென்றவர். கட்டுப்பாடுகளை உள்ளிருந்து அறிந்த ஒருவரை மேசையில் அமர்த்துவதற்கு மேலாளர்கள் தயங்குவது இதனாலும்தான்.

நான் முதல் இரண்டு ஆண்டுகள் இலண்டனில் வங்கிகள் நிறைந்த கனேரி வார்ஃபில் இரவு நேரத்தில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துகொண்டு பகலில் கணக்கியல் படித்தேன். 2004இல் ஒரு வங்கியின் தீர்ப்பனவுப் பிரிவில் தற்காலிக வேலை கிடைத்தபோது ஊரில் கோயிலுக்குப் பொங்கல் வைத்தார்கள். மூன்று ஆண்டுகளின் பின் முன் அலுவலகத்தைச் சேர்ந்த விற்பனை மேசைக்கு விண்ணப்பித்தேன். பின் அலுவலகத்திலிருந்து ஆட்களை எடுப்பதில்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அந்த வரியை முதல் நாளே எவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்ற மனவருத்தம் இன்றும் தீரவில்லை.

2008 செப்டெம்பர் 15ஆம் திகதி லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. எங்கள் பிரிவுக்குத் தூக்கம் இல்லாமற்போயிற்று. அந்த வங்கியோடு செய்துகொண்ட ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் எது முடிந்தது, எது தொங்கி நிற்கிறது என்று கையால் பிரித்தெடுத்தோம். அதே கிழமையில்தான் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். அக்காவின் குடும்பம் போரினால் தருமபுரம் பக்கமாக இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. தொலைபேசி கிடைக்காத அந்த இரவுகளில் பட்டியல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பின் அலுவலகம் தாழ்ந்த இடம் என்ற எண்ணம் அடியோடு போயிற்று. கணக்கியல் தேர்வுகளை முடித்து 2010இல் இலாப நட்டம் சரிபார்க்கும் பிரிவுக்கு மாறினேன்; இன்றும் அங்கேதான் இருக்கிறேன், அந்த வேலையை மதிக்கிறேன்.

ஆகவே பின் அலுவலகத்தை விரும்பிச் சென்றால் செல்லுங்கள்; அதை முன் அலுவலகத்துக்கான படிக்கட்டு என்று மட்டும் எண்ணாதீர்கள். முன் அலுவலகத்துக்குரிய வழி பெரும்பாலும் கோடைகாலப் பயிற்சியே. அதற்கான விண்ணப்பங்களை முந்திய இலையுதிர் காலத்திலேயே, பல வங்கிகள் வரும் ஒழுங்கில் பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன. ஓராண்டுப் படிப்பில் இருக்கும் உங்களுக்கு அந்தக் காலம் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறுதலாகச் செய்யலாம், முதலில் கடையில் நின்று கையில் காசு சேருங்கள் என்று சொல்லும் நம்மவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் இந்த வாசலை நெருங்கியதே இல்லை.

பதவிப் பெயர்களிலும் கவனமாக இருங்கள். அனலிஸ்ட், அசோசியேற், வைஸ் பிரசிடென்ற், டிரெக்டர், மனேஜிங் டிரெக்டர் என்று படிகள் ஏறும். வைஸ் பிரசிடென்ற் என்றால் ஊரில் வங்கியின் துணைத் தலைவர் என்று எண்ணுவார்கள். ஆனால் அது நடுப்படிதான், பெரிய வங்கியொன்றில் அப்படி ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். இலண்டனில் அந்தப் பெயரைச் சொல்லி உங்களுக்கு வேலை எடுத்துத் தருவதாகக் கூறுபவரிடம், எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் பிரிவைத் தெரிவுசெய்யும் இடத்தை வெறுமையாக விட்டு, உங்கள் சுயவிபரக்கோவையையும் சேர்த்து இந்தக் கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். இங்கே இரவில் இணையம் ஓரளவு வேலை செய்கிறது. பார்த்துவிட்டு மறுநாளே எழுதுகிறேன்.