மறதி நோய் தொடங்கிய அப்பாவிடம் எந்த வகை 'பவர்' எழுதி வாங்குவது?

அப்பாவுக்கு மறதி தொடங்கியிருக்கிறது, வீட்டையும் வங்கிக் கணக்கையும் கவனிக்கப் பொது அதிகாரப் பத்திரம், அதாவது ஜெனரல் பவர், போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்திர எழுத்தர் என்ற முறையில் சொல்கிறேன்: அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஒரு மனையை விற்பது, ஒரு வழக்கை நடத்துவது என்று குறிப்பிட்ட காரியத்துக்குக் கொடுப்பது சிறப்பு அதிகாரப் பத்திரம். காரியம் முடிந்தால் அதுவும் முடிந்தது. வாடகை, வரி, வங்கி, விற்பனை எனப் பலவற்றுக்கும் சேர்த்துக் கொடுப்பது பொது அதிகாரப் பத்திரம். தலைப்பில் 'பொது' என்று இருந்தாலும் உள்ளே எழுதாத அதிகாரம் முகவருக்கு, அதாவது பவரை எழுதி வாங்கியவருக்கு, கிடையாது. சொத்தும் அவருடையதாகிவிடாது, பவரை வைத்துச் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் செல்லாது. சொத்தில் முகவருக்கே சொந்த நலன் இருந்தால்தான் விலக்கு. அப்பாவுக்காகப் பிள்ளை பார்த்துக்கொள்வது அதில் வராது. இங்கிலாந்தில் நினைவு தப்பிய பிறகும் செல்லும் 'லாஸ்டிங் பவர்' உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பி வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது கேட்பதில்லை. எந்த நாளுக்காக எழுதி வைத்தார்களோ, அந்த நாளில் அந்தப் பத்திரம் பயன்படாது.

அதன் பிறகு நீதிமன்றம்தான். சுயநினைவு இழந்த கணவரின் சொத்தைக் கையாள அனுமதி கேட்ட ஒரு பெண்ணின் மனுவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஏற்கவில்லை. மேல்முறையீட்டில்தான் அவர் காப்பாளராக நியமிக்கப்பட்டார். மருத்துவமனைச் செலவுக்கு நடுவே அந்த அலைச்சல் எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

ஆகவே அப்பா தெளிவாகப் பேசும் இப்போதே, அவருக்கு முழு விருப்பம் இருந்தால், வங்கிக் கணக்கில் உங்கள் பெயரையும் சேருங்கள். இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டைக் கேளுங்கள். வீட்டை யாருக்குத் தர நினைக்கிறார் என்பதை உயிலாகவோ, ஆயுட்காலம் முழுவதும் குடியிருக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு, உயிரோடிருக்கும்போதே வீட்டை எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரமாகவோ அவரே எழுதட்டும். கையெழுத்திடும் நாளிலேயே அவர் புரிந்து செயல்படுகிறார் என்று மருத்துவரிடம் சான்று வாங்கிவிடுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் முன்கூட்டியே அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.